முதுகு மட்டும் அழகாம்

விக்டோரியா காலத்துப் புகைப்படம் பற்றிப் பேச வந்தால் நம்ம கலை விமர்சகர்கள் ஜூலியா மார்கரெட் கேமரூன் பெயரில் உருகிவிடுகிறார்கள். 1863 கடைசியில் மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவோடு 48 வயதில் தொடங்கியவர். ஓவியர் வாட்ஸின் நண்பர். ஃபோகஸைக் குலைத்து முகத்தை ஓவியமாக்கியவர். எல்லாம் சரி. மேரி ஹில்லியர் என்ற வேலைக்காரப் பெண்ணை மாதாவாக உட்கார வைத்தார். அந்தப் பெண்ணின் பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறது.

1875இல் இலங்கைக்குப் போகிறார். கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள். காப்பித் தோட்டம் என்றால் யார் உழைப்பு? தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, காட்டு வழியில் நடந்துபோன நம்ம சனம். அதில் கணிசம் பறையர், பள்ளர், சக்கிலியர். வழியிலேயே விழுந்து செத்தவர்கள் ஏராளம். இதைப் பேசாமல் அந்தப் படங்களின் 'ஒளி'யைப் பற்றி மட்டும் என்னத்தப் பேச?

மிஞ்சிய இலங்கைப் படங்கள் முப்பதுக்கும் குறைவு. களுத்துறைக் குடியானவர்கள் படத்தில் ஒரு குறிப்பு உண்டு: சிறுமிக்கு 12 வயது, கிழவர் தன்னை அவள் அப்பன் என்கிறார், தனக்கு நூறு வயது என்கிறார். வயசக் கேட்டிருக்காங்க, பேரக் கேக்கல.

1877இல் விருந்தாளியாக வந்த ஓவியர் மரியான் நார்த்தையும் படமெடுத்தார். சால்வை போர்த்தி, தென்னங்கீற்றுக்கு முன் நிறுத்தி, இயல்பாக இருக்கச் சொன்னாராம். வெக்கை 96 டிகிரி! நார்த்தே கேலியாக எழுதியிருக்கிறார். அதே கேலியில் இன்னொன்றும் வருகிறது. உள்ளூர் ஆள் ஒருவரின் முதுகு அற்புதம் என்று சொல்லி, அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் கேமரூன் அடம்பிடித்தாராம். வீட்டுக்குத் தோட்டமே கிடையாது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டை சுமந்து, குனிந்து வெட்டி உருவாகிற முதுகைச் சிற்பமாகப் பார்க்கிறவருக்கு அந்த வேலை கண்ணில் படாது.

ஒரகடத்தில் செல்போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டி ஆளை உள்ளே விடுகிற கம்பெனிகள் உண்டு. அடையாள அட்டைக்கு மட்டும் படமெடுத்துக்கொள்ளும். அதிலாவது பெயர் இருக்கிறது, கூடவே ஒரு நம்பரும்.

கேமரூனை ஹூப்பரோடு சேர்த்துவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ராணுவ அதிகாரியான ஹூப்பரும் அமெச்சூர்தான். 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தின் எலும்புக்கூட்டு உடம்புகளை உட்காரவைத்துப் படமெடுத்தார். கேமரூன் படங்களில் ஆட்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள். சில முகங்கள் நம்மை நேராகப் பார்க்கின்றன. அந்தப் பார்வையை அவர் கொடுத்தாரா, அவர்களே வைத்துக்கொண்டதா? என் ஓட்டு அவர்களுக்குத்தான்.