கொத்தனார் வாடகை கேட்கலாமா?

பண்ணைப்புரத்துக்காரர் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் போதும், தமிழ்நாடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. 2017-ல் எஸ்.பி.பி.க்கு இளையராஜா நோட்டீஸ் அனுப்பியபோது பிரிந்தது. 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படக்காரர்களுக்கு அனுப்பியபோதும் பிரிந்தது. எதிர்க்கட்சியின் கேள்வி உங்களுக்கும் தெரியும்: 'வீட்டைக் கட்டிக் கூலி வாங்கிட்டுப் போன கொத்தனார், குடியிருக்கிறவன்கிட்ட வாடகை கேட்பாரா?'

கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் உதாரணம் தப்பு. ஒரு வீட்டில் நீங்கள் இருந்தால் நான் இருக்க முடியாது. பாட்டு அப்படியா? ஒரே ராத்திரியில் கம்பத்தில் கச்சேரி மேடையிலும், அமெரிக்காவில் டிக்கெட் போட்ட ஷோவிலும், உங்கள் செல்போனிலும் ஒலிக்கிறது. தேய்வதே இல்லை.

இதற்குச் சரியான உதாரணம் பீட்சா கடை. சிரிக்காதீர்கள். இந்தியாவில் டோமினோஸ் கடைகளை நடத்துவது ஜூபிலண்ட் ஃபுட்வொர்க்ஸ் என்கிற நம்மூர் கம்பெனி. கடை, அடுப்பு, ஆட்கள் எல்லாம் இவர்களுடையது. பேரும் செய்முறையும் அமெரிக்காவுடையது. அதை அவர்கள் விற்கவில்லை, வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இதுதான் ஃபிரான்சைஸ். எத்தனை வருஷம், எந்தெந்த ஊர், விற்பனையில் எவ்வளவு ராயல்டி, எல்லாம் பத்திரத்தில் இருக்கும். இதற்கென்று இந்தியாவில் தனிச் சட்டம்கூடக் கிடையாது. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தையும் 1999-ம் வருஷத்து டிரேட் மார்க் சட்டத்தையும் வைத்தே ஓட்டுகிறோம். 'பேரை ஒருதடவை கொடுத்தாச்சே, எதுக்கு இன்னும் ராயல்டி?' என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

கோடம்பாக்கத்தில்தான் அந்தப் பத்திரமே சரியாக இருந்ததில்லை. 'அன்னக்கிளி' வந்தது 1976 மே. பத்தே மாசத்தில், 1977 மார்ச்சில், வேறொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது: காசு கொடுத்து மெட்டுப் போடச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், தயாரிப்பாளரே முதல் சொந்தக்காரர். என்னைக் கேட்டால், கொத்தனார் வாதத்துக்கு முத்திரை குத்திய தீர்ப்பு அது.

சட்டம் மெதுவாகத்தான் கண் விழித்தது. உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லையா, ஐந்து வருஷம்தான்; இடம் குறிப்பிடவில்லையா, இந்தியா மட்டும்தான் என்று 1994-ல் திருத்தினார்கள். அதற்கு முன்னால் எழுதிக்கொடுத்ததற்கு இது பொருந்தாது என்று கூடவே ஒரு வரியும் போட்டார்கள். ராஜாவின் பொற்காலம் மொத்தமும் அந்த ஒரு வரிக்கு அந்தப் பக்கம்! 2012 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. தியேட்டரில் படம் ஓடுவது தவிர மற்ற வழிகளில் பாட்டு சம்பாதித்தால் இசையமைப்பாளருக்குச் சரிபாதி. அதை அவரே நினைத்தாலும் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுக்க முடியாது. ஃபிரான்சைஸ்காரன் எப்போதோ பத்திரத்தில் வாங்கிக்கொண்டதை மெட்டுப் போட்டவருக்குச் சட்டம் போட்டுத்தான் வாங்கித்தர வேண்டியிருந்தது.

அதற்காக ராஜா தரப்பு செய்வதெல்லாம் சரியென்று நான் சொல்லமாட்டேன். ராயல்டி கேட்பது வேறு, பாடாதே என்பது வேறு. டிக்கெட் காசை எண்ணுகிறவர் கச்சேரி நடத்துகிறவர். கணக்கு கேட்கவேண்டியது அவரிடம். 2017-ல் மைக் பிடித்தவருக்கும் நோட்டீஸ் போனது. அவரும் இனி ராஜா பாட்டைப் பாடப்போவதில்லை என்று அறிவித்தார். அந்த அமெரிக்க டூரில் மிச்சமிருந்த மேடைகளில் நஷ்டம் டிக்கெட் வாங்கியவருக்கு.