யாரைக் கேட்டுப் படம் எடுக்கிற?

'பொது இடம்' என்கிற சொல் நமக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் நமக்கு உரிமை உண்டு என்று சொல்ல, 1924இல் ரெட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. நூறு வருஷம் ஓடிவிட்டது. சரி, நடக்கிறோம். நின்று பார்க்கலாமா? பார்த்ததைப் படம் எடுக்கலாமா? எம். பழனிக்குமாரின் புகைப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது.

மதுரை ஜவகர்லால்புரத்துக்காரர் அவர். மீன் விற்கும் தாயின் மகன். 2013இல் கடன்பட்டுக் கேமரா வாங்கினார். கையால் மலம் அள்ளுவோர் பற்றித் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். அந்தப் படத்தைத் திரையிடப் பல ஊர்களில் போலீஸ் அனுமதிக்கவில்லை. 2017 ஜூலையில் திவ்யபாரதியைக் கைது செய்தார்கள். 2009இல் நடந்த ஒரு போராட்டத்துக்கான வழக்காம்!

எதற்கு இந்தப் பயம்? மலம் அள்ள வைப்பதை 1993லும் 2013லும் சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. தடுத்துவிட்டதால் அது இல்லை என்று கணக்குக் காட்ட வேண்டும். கையால் மலம் அள்ளியதால் யாரும் செத்ததாகத் தகவல் இல்லை என்று 2021 ஜூலையில் மாநிலங்களவையில் ஒன்றிய அரசு சொன்னது. சாக்கடைக் குழியில் செத்தவர்களை வேறு தலைப்பில் எழுதிக்கொண்டார்கள். இப்படிச் செத்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கச் சொல்லி 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. ஆனால் குழிக்குள் இறக்கினார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டுமே. அந்த இடத்தில்தான் படம் பேசுகிறது.

எங்க கம்பைநல்லூர்ப் பக்கமும் இதே கதைதான். கல்யாண ஊர்வலத்தை, தேரை, தலைவர் மாலை போடுறதை எடுத்தா எவனும் கேக்கமாட்டான். சாக்கடையில கைவிட்டு அள்ளுறவரைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினா, "யாரைக் கேட்டு எடுக்கிற? பர்மிஷன் இருக்கா?" என்று ஒரு குரல் வந்துவிடும். பொது இடத்தில் படம் எடுக்க முன்அனுமதி வாங்க வேண்டும் என்று பொதுவான சட்டம் எதுவும் இங்கே கிடையாது. தடைசெய்யப்பட்ட இடங்களுக்கென்று 1923ஆம் வருஷத்து அரசு ரகசியச் சட்டம் இருக்கிறது. சாக்கடை எப்போது ராணுவ ரகசியமானது?

இன்னொரு மறுப்பும் உண்டு. "வேணாம் தம்பி, பேத்தி பள்ளிக்கூடத்துல பார்த்துடுவா" என்று முந்தானையால் முகத்தை மூடும் அக்காவின் மறுப்பு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. அக்கா தன் மானத்தைக் காக்கிறாள். அதிகாரி தன் குற்றத்தைக் காக்கிறான். அவள் வேண்டாமென்றால் கேமரா இறங்கத்தான் வேண்டும்.

பழனிக்குமார் குழியோடு நின்றுவிடாமல் செத்தவரின் வீடுவரை போகிறார். மனைவியும் பிள்ளைகளும் பெயரும் முகமும் உள்ள மனிதர்களாக நம்மைப் பார்க்கிறார்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வகைப் படங்களில் பெரும்பாலும் மலம் இருக்கிறது, பிணம் இருக்கிறது, அழுகை இருக்கிறது. இறக்கிவிட்டவன் இல்லை. காண்ட்ராக்டரும் இன்ஜினியரும் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறார்கள். பார்ப்பவனுக்கு இரக்கம் வருகிறது, கோபம் யார்மேல் என்று தெரிவதில்லை.

அந்த வெளியே நிற்கிறவன்தான் "யாரைக் கேட்டு எடுக்கிற" என்று கத்துகிறவன். தோழர்களே, குரல் வந்த பக்கம் கேமராவைத் திருப்புங்கள்.