லைக்கா: ஒரு சித்திர நாவலும் சில கேள்விகளும்

வாயில்லாப் பிராணிகள் என்று நாம் வழக்கிற் குறிக்கும் உயிர்களைப் பற்றி எழுதப் புகும் எழுத்தாளன் முதலிற் செய்வது அவற்றுக்கு வாய் கொடுப்பதே. பஞ்சதந்திரக் கதைகள் தொட்டு இதுவே வழக்கம். ஆனால் அவ்வாய் பேசுவது மனிதரின் நீதியை. பிராணியின் நோவை அன்று. விஞ்ஞானக் கூடத்துக்குள் விலங்குகள் கொண்டுவரப்பட்ட பின்னர் எழுந்த மேலைநாட்டுப் புனைகதைகளும் இவ்வழக்கினின்று அதிகம் விலகினவல்ல. எச். ஜி. வெல்ஸ் 1896 இல் வெளியிட்ட 'டாக்டர் மோறோவின் தீவு' விலங்குகளை அறுத்து மனிதராக்க முனையும் ஒருவனின் கதை. படிப்போரை நடுங்க வைக்கும் கதைதான். எனினும் அதன் உண்மைப் பொருள் மனிதனுள் ஒளிந்திருக்கும் விலங்கேயன்றி அறுக்கப்பட்ட விலங்கன்று. அதே வெல்ஸ் 1927 இல் உயிரோடு அறுத்து ஆராயும் முறையை ஆதரித்து எழுதினார் என்பதும், அவரை மறுத்து எழுந்தவர் பெர்னாட் ஷா என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை.

மிகயில் புல்காகொவ் 1925 இல் எழுதி, சோவியத் நாட்டில் 1987 வரை அச்சேறாதிருந்த 'நாயின் இதயம்' இதனினும் நுட்பமானது. தெருநாயொன்றுக்கு மனிதச் சுரப்பிகளைப் பொருத்தும் பேராசிரியரை வைத்து, புரட்சிக்குப் பின்னர் பேசப்பட்ட 'புதிய மனிதனை' எள்ளி நகையாடுவது அது. கொதிநீர் பட்டு வெந்த விலாவோடு பனியில் நடுங்கும் நாயைக் காட்டும் முதற் பகுதியை மட்டும் விலக்காகக் கொள்ளலாம். அதற்கப்பால், சத்திரசிகிச்சை மேசையிற் கிடக்கும் பிராணி அங்கதம் ஏறிச் செல்லும் வாகனமாகவே ஆகிவிடுகின்றது.

பிரித்தானிய ஓவியரான நிக் அபாட்ஸிஸ் 2007 இல் வெளியிட்ட 'லைக்கா' என்னும் சித்திர நாவலை இந்தப் பின்னணியில் வைத்தே நோக்குதல் வேண்டும். சித்திரக் கதை என்றதும் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்கும் மனப்பான்மை நம்மிடையே இன்னும் மாறிவிடவில்லை. இந்நூலை எடுத்தவர் அவ்வாறு ஒதுக்கார். ஏனெனில் இதில் வரும் நாய் எதற்கும் குறியீடு அன்று. அது நாயேதான்.

வரலாறு பலரும் அறிந்தது. அறிந்ததாக எண்ணிக்கொண்டிருப்பது என்பதே பொருத்தம். 1957 ஒக்ரோபர் 4 ஆந் திகதி முதலாவது ஸ்புட்னிக் விண்ணேறியது. உலகம் வியந்தது. அவ்வியப்பின் சூடு தணியுமுன், ஒக்ரோபர் புரட்சியின் நாற்பதாவது ஆண்டு நிறைவுக்கு இன்னுமொரு சாதனை வேண்டுமென்று குருஷேவ் விரும்பினார். ஒரு மாதத்திற்கும் குறைந்த அவகாசத்தில் இரண்டாவது கலம் அவசர அவசரமாக ஆக்கப்பட்டது. விண்ணேறிய கலத்தை மீளக் கொண்டுவரும் வழி அன்று எவரிடமும் இருக்கவில்லை. ஆகவே நவம்பர் 3 ஆந் திகதி ஏற்றப்பட்ட நாய் திரும்பாது என்பது, அதனை ஏற்றிய ஒவ்வொருவருக்கும் முன்னரே தெரிந்திருந்தது. ஒரு வாரம் வரை உயிரோடிருந்து நோவின்றி இறந்ததென்ற கருத்தே நெடுங்காலம் உலவிற்று. கலத்துள் வெப்பம் மிகுந்தமையால் அது புறப்பட்டுச் சில மணித்தியாலங்களுக்குள்ளேயே இறந்துவிட்டது என்னும் உண்மையை 2002 இலேயே திமித்ரி மலஷென்கொவ் என்னும் ரஷ்ய விஞ்ஞானி வெளியிட்டார். நாற்பத்தைந்து ஆண்டுகள்! பிணத்தைச் சுமந்த கலம் 1958 ஏப்ரலில் வளிமண்டலத்துட் புகுந்து எரிந்தொழிந்தது.

அபாட்ஸிஸ் இக்கதையை நாயிடமிருந்து தொடங்கவில்லை. சிறைமுகாமினின்றும் விடுபட்டுச் சைபீரியப் பனியினூடே நடந்துவரும் ஒரு மனிதனிடமிருந்து தொடங்குகிறார். அவரே பின்னாளிற் சோவியத் விண்வெளித் திட்டத்தின் தலைமை வடிவமைப்பாளரான செர்கேய் கொறலியோவ். 1938 இற் பொய்க்குற்றஞ் சாட்டப்பட்டுக் கைதாகி, கொலிமாவின் பொற்சுரங்கத்தில் உழன்றவர். குற்றமற்றவரென முற்றாக ஏற்கப்பட்டது 1957 இலேதான். அரசு தன்னை எவ்வாறு பயன்படுத்திற்றோ அவ்வாறே அவர் நாயைப் பயன்படுத்துகிறார். இதனை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்வதில்லை. பக்கங்களை அடுக்கிய முறையே சொல்லிவிடுகின்றது. நூலின் முதன்மையான வெற்றி இதுவே.

லைக்கா மொஸ்கோவின் தெருக்களிற் பிடிக்கப்பட்டது. தெருநாய்களே ஏன் தெரிந்தெடுக்கப்பட்டன? பசியையும் குளிரையும் தாங்கிப் பழகியவை அவை. ஆதலால் இதனையுந் தாங்கும். இந்தத் தருக்கத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். துன்பம் அனுபவித்தமையே மேலுந் துன்பம் பெறுவதற்கான தகுதியாகின்றது. தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஆள் பிடித்தோர் பேசியதும் இந்தத் தருக்கத்தைத்தான். உழைக்கும் மக்களின் பெயரால் எழுந்த அரசொன்றின் ஆய்வுகூடத்தில் இது மறுபேச்சின்றிச் செல்லுபடியானது என்பதை முற்போக்கு வாசகன் எளிதிற் கடந்து போதல் ஆகாது. மனித மேன்மைக்காக என்று சொன்னால் மட்டும் போதுமா என்னும் வினா வேறெவரையும்விட அவனையே அதிகம் உறுத்த வேண்டியது.

பயன் கருதி நியாயங் கூறுவோர் உளர். விலங்காய்வே கூடாதென ஒரே வீச்சில் முடிவு கட்டுபவன் போலியோவினாற் கால் சூம்பிய குழந்தைக்கு விடை சொல்லவேண்டியவன். குரங்குகளின் சிறுநீரகக் கலங்களில்லாமல் அத்தடுப்பு மருந்து அன்று கிடைத்திராது. இதை மறைத்துக் கருணை பேசுவது நேர்மையன்று. ஆனால் ஸ்புட்னிக் இரண்டின் கதை அத்தகையதா? அதன் நாளைக் குறித்தது ஆய்வின் தேவை அன்று, கொண்டாட்டத்தின் தேவை. அதனைச் சுமந்து சென்ற றொக்கற் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையாக ஆக்கப்பட்டது. நாயைப் பயிற்றியவருள் ஒருவரான ஒலெக் கஸென்கோ, 1998 இல், அம்மரணத்தை நியாயப்படுத்துமளவுக்கு அப்பயணத்திலிருந்து தாம் எதையும் கற்கவில்லையென வருந்திக் கூறினார். செய்தவரே கணக்குப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு அது.

மருத்துவத்துக்கு ஒரு வாயில், படைக்கு ஒரு வாயில் என்று பிரித்து வைத்தாற் போதுமென நினைப்பவர், இந்தியாவிலிருந்து ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்ற றீசஸ் குரங்குகளின் கதையை அறிதல் நன்று. தடுப்பு மருந்துக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கும் மட்டுமே அவை பயன்படுத்தப்படல் வேண்டுமென்ற நிபந்தனையை இந்தியா 1955 இல் விதித்தது. பின்னர் நடந்ததென்ன? அமெரிக்கப் படையின் கதிர்வீச்சு ஆய்வுநிலையத்திற் குரங்குகள் கதிர்வீச்சுக்கு ஆளாக்கப்பட்டு, மின்னதிர்ச்சி ஏற்றிச் சில்லுகளில் ஓடவைக்கப்பட்டன. அணுக்குண்டு விழுந்த பின்னரும் ஒரு போர்வீரன் எத்தனை நேரம் தன் கடமையைச் செய்வான் என்று அறிவதே நோக்கம். செய்தி வெளிவரவும் 1978 இல் இந்தியா ஏற்றுமதியை முற்றாக நிறுத்தியது. தாளில் எழுதிய நிபந்தனை படைத்துறையின் கதவுக்கு வெளியே நின்றுவிட்டது.

நூலின் குறைகளுக்கு வருவோம். அபாட்ஸிஸின் பார்வை மொஸ்கோவை விட்டு வெளியே செல்லத் தயங்குகின்றது. லைக்காவுக்கு முன்னரே, 1948 இலும் 1949 இலும், 'அல்பேட்' என்று வரிசையாகப் பெயரிடப்பட்ட குரங்குகளை ஜேர்மனியரிடமிருந்து கைப்பற்றிய வீ-2 ஏவுகணைகளில் அமெரிக்கர் ஏற்றிக் கொன்றனர். 1946 இற் பிக்கினித் தீவருகே ஆடுகளையும் பன்றிகளையும் எலிகளையும் கப்பல்களில் நிறுத்தி அவற்றின்மீது அணுக்குண்டைச் சோதித்தனர். 1942 இல் ஸ்கொத்லாந்தின் குறுவினாட் தீவிற் செம்மறிகளைக் கட்டிவைத்து அந்திராக்ஸ் கிருமிக்குண்டைப் பரீட்சித்த பிரித்தானியா, அத்தீவை 1990 வரை மனிதர் நுழைய ஒண்ணாததாக்கிற்று. 1957 நவம்பரில் லைக்காவுக்காக முதலிற் குரலெழுப்பியோருள் லண்டனின் நாய்ப் பாதுகாப்புச் சங்கத்தினர் முக்கியமானவர்கள். அவர்கள் மனம் நொந்தது பொய்யன்று. ஆயினும் செம்மறிகளுக்கு அந்த மௌன அஞ்சலி கிடைக்கவில்லை. (செம்மறியை எவரும் மடியில் வைத்து வளர்ப்பதில்லை.) ரஷ்யக் கொடுமையென்று பெருமூச்செறிந்து மேலைநாட்டு வாசகன் நூலை மூடிவைக்க இடமிருப்பதே இங்கு குறை. மற்றவர் செய்ததைக் காட்டி லைக்காவின் கணக்கை அழித்துவிடலாமென்பது என் கருத்தன்று.

இன்னொன்று. நாய்களைப் பராமரிக்கும் யெலெனா என்னும் பெண் ஆசிரியரின் கற்பனை. அவளை நன்றாகவே வரைந்திருக்கிறார். ஆனால் இரக்கம் முழுவதையும் ஒரு பெண்ணின்மேற் சுமத்திவிட்டு, ஆண்களைக் கடமையின் பக்கம் நிறுத்துவது பழைய பாகுபாடு. வரலாறே இதனை மறுக்கின்றது: பயணத்துக்கு முன்னர் லைக்காவைத் தம் வீட்டுக்குக் கொண்டுசென்று பிள்ளைகளோடு விளையாட விட்டவர் விளாடிமிர் யஸ்தோவ்ஸ்கி என்னும் ஆண் விஞ்ஞானி. இரங்கிக்கொண்டே அனுப்பினார். இந்த முரண் யெலெனாவின் கண்ணீரைவிடக் கனமானது. நாயின் குட்டிப் பருவத்துக்கு இட்டுக்கட்டிய துயரங்களும் பறப்பது போன்ற கனவுகளும் மிகை. நடந்ததே போதுமானதாக இருக்கையில் அவை எதற்கு?

இவ்விடத்தில் மணிமேகலையின் ஆபுத்திரன் நினைவுக்கு வருதல் தமிழ் படித்தவனுக்கு இயல்பே. வேள்விக்கெனக் கட்டிய பசுவின் அச்சத்தைச் சாத்தனார் சுருங்கவே சொல்லிச் செல்கிறார். அதற்குக் கனவும் இல்லை, இளமைக் கதையும் இல்லை. உலக நன்மைக்கே வேள்வியென்ற நம்பிக்கையில் நிற்கும் கற்றோர் ஒருபுறம், இரவிற் பசுவை அவிழ்த்துச் செல்லும் சிறுவன் மறுபுறம். கற்றோர் மூடரல்லர். தம் நூலறிவில் உறுதி கொண்டவர்கள். அந்த உறுதியையே காப்பியம் கேள்விக்குள்ளாக்குகின்றது. அபாட்ஸிஸும் யஸ்தோவ்ஸ்கி, கொறலியோவ் ஆகியோரை வரையுமிடங்களில் இந்நிலையை எட்டுகிறார். யெலெனாவிடம் திரும்பும்போது நழுவ விடுகிறார்.

மொஸ்கோவில், இராணுவ மருத்துவ ஆய்வு நிலையத்தருகே, 2008 இல் லைக்காவுக்குச் சிலை எடுக்கப்பட்டது. றொக்கற் ஒன்று மனிதக் கையாக விரிய, அதன்மேல் நாய் நிமிர்ந்து நிற்கின்றது. நாவலிற் காணும் நாய்க்குப் படுக்கவும் எழவும் மாத்திரமே இடம் உண்டு. திரும்பிப் பார்க்க முடியாதபடி அது சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருக்கின்றது.