‘அல்அய்யாம்’ நூலும் எழுதப்படாத விழுப்புரத்து மாணவனும்

தாஹா ஹுசைனின் ‘அல்அய்யாம்’ நூலை நாம் பெரும்பாலும் அதன் நடைக்காகவே ஓதிக்கொடுக்கிறோம். வாக்கியம் எங்கே வளைகிறது, ஒரே சொல் ஏன் மீண்டும் வருகிறது என்று விளக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அது ஒரு கிராமத்து மாணவனின் கதை என்பது நம் கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது.

மேல் எகிப்தின் மகாகா அருகே 1889இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்து, 1902இல் அல்அஸ்ஹருக்கு வந்த பிள்ளை அவர். மனனம் செய்த குர்ஆனை மறந்துபோய்த் தந்தையின் முன் ஓதமுடியாமல் நின்ற வெட்கத்தை அவர் மறைக்கவில்லை. கெய்ரோவில் ரொட்டியும் வெல்லப்பாகுமாகக் கழித்த நாள்களையும், ஊர் திரும்பும்போது அதைச் சொல்லாமல் நலமாக வாழ்வதாகப் பெற்றோரிடம் நடித்ததையும் மறைக்கவில்லை. ‘நான்’ என்னாமல் ‘சிறுவன்’ என்றும் ‘நம் தோழர்’ என்றும் படர்க்கையில் எழுதுகிறார். அந்த இடைவெளிதான் அவருக்குத் துணிவைத் தந்தது போலும். 1908இல் எகிப்தியப் பல்கலைக்கழகம் பிறந்தபோது அதன் வாயிலிலும் போய் நின்றார். 1914இல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார்.

தமிழில் இதற்கு அருகே வைக்கத்தக்கது ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002). அதுவும் தன்கதையே, அதுவும் படர்க்கையே. ஆனால் தாஹாவின் துயரம் கனிந்த குரல் இதில் இல்லை. தன்னையே எள்ளி நகையாடும் குரல் இருக்கிறது. படித்து முடித்த தலித் கிறிஸ்தவ இளைஞன் வேலைக்காக இந்துவாக மாறுவதில் கதை வந்து நிற்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையை நினைவில் கொண்டு படிப்பவருக்கு அந்த இடத்தில் சிரிப்பு வராது. பின்னர் சீக்கியரையும் பௌத்தரையும் சேர்த்துக்கொண்ட அவ்வாணை, கிறிஸ்தவரையும் முஸ்லிம்களையும் இன்றளவும் வெளியே நிறுத்தியிருக்கிறது. ஆகவே அது நம் கதையும்தான்.

சிலுவைராஜ் தென்மாவட்டத்துப் பிள்ளை. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து மாணவனின் ‘அல்அய்யாம்’ எங்கே? 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டனர். 1987 செப்டம்பரில் வன்னியர் இடஒதுக்கீடு கேட்டு நடத்திய ஒருவாரச் சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தனர். அதே நாள்களில் தலித் குடிசைகளும் எரிந்தன. அப்போது நாம் மதரஸா மாணவர். நெடுஞ்சாலையில் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்ததால் ஊருக்குப் போக வழியின்றி, கிதாபுகளோடு அறையிலேயே அடைந்துகிடந்தோம். அம்மரங்கள் எதற்காக விழுந்தன என்று எந்த உஸ்தாதும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு கிடைத்தது. விழுப்புரம் அறிஞர் அண்ணா கல்லூரியிலும் திண்டிவனம் கோவிந்தசாமி கல்லூரியிலும் முதல் தலைமுறைப் பிள்ளைகள் வந்து அமரும் இடங்களுக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. வாய்ப்பும் கலவரமும் இங்கே ஒரே வேரின் கிளைகள்.

தாஹா ஹுசைன் பிரான்ஸில் செய்த ஆய்வு இப்னு கல்தூனைப் பற்றியது. அவருடைய ‘அஸபிய்யத்’ என்ற சொல்லை எடுத்துச் சாதிக்கு ஒட்டிவிட்டு அமைதியடைவது நம்மில் சிலரின் வழக்கம். நமக்கு அதில் உடன்பாடில்லை. அச்சொல்லைப் போட்டவுடன் இரு தரப்பும் ஒரே தராசில் ஏறிவிடுகின்றன. உரிமை கேட்டுச் சாலையில் இறந்தவரின் துயரம் உண்மையானது. ஆனால் குடிசையோடு எரிந்த பாடப்புத்தகத்துக்கு அது விடையாகாது. 2013 ஏப்ரலில் மரக்காணத்தில் தலித் வீடுகள் மீண்டும் எரிந்தன. 2023இல் விழுப்புரம் அருகே மேல்பாதியில், தலித்துகள் நுழைவதை ஒட்டிய பூசலால் திரௌபதி அம்மன் கோயில் பூட்டி முத்திரையிடப்பட்டது. அந்த ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் காலையில் ஒரே பேருந்தில் ஏறித்தான் கல்லூரிக்குப் போகிறார்கள்.

நடுநாட்டு எழுத்து வறியதன்று. கண்மணி குணசேகரன் அம்மண்ணின் சொற்களையே அகராதியாகத் தொகுத்தவர். இமையத்தின் ‘பெத்தவன்’ 2012இல் தருமபுரிக் கலவரத்துக்குச் சில வாரங்கள் முன்பே வெளிவந்து பலரைத் திடுக்கிடச் செய்தது. அவருடைய ‘செல்லாத பணம்’ நாவலில் பொறியியல் படித்த பெண்ணின் பட்டம் அவளைத் தீயிலிருந்து காக்கவில்லை. ஆயினும் இவ்விரண்டிலும் நம்மை உலுக்குவது பெற்றோரின் பரிதவிப்பே. ஒரு கையில் உதவித்தொகைப் படிவமும் மறுகையில் ஊர்க்கட்டுப்பாடுமாகப் பேருந்தில் நிற்கும் பிள்ளை, தன் வாயால் பேசும் நூலைத்தான் நாம் தேடுகிறோம்.

தேடும் தகுதி நமக்கு உண்டா என்பது வேறு. சில ஆண்டுகளுக்கு முன் திண்டிவனம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த மாணவர் ஒருவர், ‘என் ஊர்’ என்னும் தலைப்பில் அரபியில் கட்டுரை எழுதித் தந்தார். அதில் ஓடை இருந்தது, பள்ளிவாசல் இருந்தது, வரிசையாகப் பேரீச்ச மரங்கள் இருந்தன. அவ்வூரில் இருப்பவை பனைமரங்கள்; அவர் கற்றிருந்த சொல்லோ ‘நக்ல்’. ஊரும் சேரியும் இரண்டாகக் கிடப்பதும், இடையில் உள்ள பாதையில் எந்த நேரத்தில் யார் நடப்பதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். பிறகு பேச்சுவாக்கில் அவரே சொன்னார். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இஃராபில் பிழை இல்லாததால் நாம் முழு மதிப்பெண் போட்டோம்.