கேட்பவர் யார்?

அகப்பாடல் ஒன்றை வகுப்பில் எடுத்ததும் மாணவிகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இது யார் கூற்று, கேட்பவர் யார்? தலைவி தோழிக்கு மட்டும் சொல்கிறாளா, தலைவன் சிறைப்புறத்தில் நிற்பது தெரிந்து அவன் காதில் விழும்படி சொல்கிறாளா என்பது பிடிபட்டால் பாதிப் பாட்டு திறந்துகொள்ளும். சென்ற மே மாதம், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஒரு கடற்கரை விடுதியில் பிள்ளைகளோடு மூன்று நாள் தங்கியபோது, அறையில் வைத்திருந்த விளம்பரத்தாளை இதே கேள்வியோடு படித்தேன். குடும்பத்துக்கு உகந்த விடுதி என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது அது. மனைவிக்கு மசாஜ், பிள்ளைகளுக்கு விளையாட்டு அறை, உங்களுக்குக் கடல் என்று பங்கு பிரிக்கிறது. அந்த ‘உங்களுக்கு’ என்ற சொல்லுக்குள் நான் இல்லை.

நாங்கள் போனது ஐந்து பேர். அக்கா, அவள் மகன், நான், என் பத்து வயது மகள், நான்கு வயது மகன். வரவேற்பில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் கேட்டான்: “சார் பின்னாடி வர்றாங்களா மேடம்?” சார் வரவில்லை என்றதும் அக்காவைப் பார்த்தான். அவளுடைய சாரும் வரவில்லை. முன்பதிவில் என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டிருந்தேன். அவர்களுடைய கணினி அதை ஆண் என்று முடிவுசெய்து ரசீதில் ‘மிஸ்டர்’ என்று அச்சடித்திருந்தது. தமிழில் முனைவர் பட்டம் வாங்கியதற்கு இப்படியும் ஒரு பலன்.

நீச்சல் குளத்தருகே ஒரு பலகை. நைலான் அல்லது லைக்ரா நீச்சலுடை கட்டாயம். சேலை, சுடிதார், நைட்டி, பனியன் கூடாது. பருத்தி நூல் வடிகட்டியை அடைத்துக்கொள்ளும் என்றார் பொறுப்பாளர். இருக்கட்டும், சுத்தத்துக்கான விதியோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அரைமணி நேரம் அங்கே உட்கார்ந்தால் அதன் விளைவு தெரிந்துவிடும். அப்பாக்கள் அங்கேயே ஓர் அரைக்கால் உடையை வாங்கி மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அம்மாக்கள் கரையில். ஒவ்வொருத்தி மடியிலும் ஈரத்துண்டு, இரண்டு மூன்று கைப்பேசி, மூக்குக்கண்ணாடி, கடிகாரம், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். கரையில் பதினொரு பெண்களை எண்ணினேன். தண்ணீரில் இருவர்; அவர்கள் பிள்ளைகளோடு வந்தவர்களாகத் தெரியவில்லை. அந்த விடுதியின் உணவகத்துக்கு நெய்தல் என்று பெயர். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பெயர் வைத்தவருக்கு அது தெரிந்திருக்குமா என்று அந்தப் பதினொரு மடிகளைப் பார்த்தபோது தோன்றியது.

நான் பன்னிரண்டாவது ஆள். கையையும் காலையும் மூடுகிற நீச்சலுடை கடையில் கிடைக்கிறது, விதியும் அதை அனுமதிக்கிறது. வாங்கியும் வந்திருந்தேன். அது பெட்டியைவிட்டு வெளியே வரவேயில்லை. 43 வயதில், இரண்டு சிசேரியன் கண்ட வயிற்றோடு, உடலோடு ஒட்டும் ஒரு துணியில் முப்பது பேர் முன்னால் நடந்து போக என்னால் முடியவில்லை. உடலைப் பற்றிக் கவிதை எழுதுகிறவள். அதை மேடையேறி வாசிக்கவும் செய்கிறவள். “நீ ஏம்மா வரல?” என்று மகள் கேட்டதற்கு, “தம்பி துணியெல்லாம் யாருடி பாத்துக்கிறது?” என்றேன். பொய். அந்தப் பலகையும் துண்டும் எனக்கு ஒளிந்துகொள்ள இடம் தந்தன. விடுதியைக் குறைசொல்லிவிட்டு இதை மறைத்தால் நேர்மையாக இருக்காது.

விளையாட்டு அறையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோடு பெற்றோரில் ஒருவர் இருக்க வேண்டுமாம். பெற்றோர் என்று பொதுவாகத்தான் எழுதியிருந்தது. மூன்று நாளும் அந்தக் குட்டி நாற்காலிகளில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தவர்கள் அம்மாக்களும் ஒரு பாட்டியும்தான்.

இரண்டாம் நாள் மணல்வீடு கட்டும் போட்டி நடந்தது. மகள் ஒரு மணிநேரம் பாடுபட்டுக் கட்டியதை ஒரு பையன் ஓடிவந்து உதைத்தான். அவன் அப்பா சிரித்தார், பசங்கன்னா அப்படித்தான் என்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவம் இந்தக் காட்சிதானே. சிறுமியர் கட்டிய மணல்வீட்டை அழிக்க வருகிறான் பாட்டுடைத் தலைவன். அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சக் கெஞ்சப் புலவர் உருகுகிறார். என் மகள் கெஞ்சவில்லை. அந்தப் பையனின் செருப்பில் ஒன்றை எடுத்து மணலில் புதைத்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தடுக்கவில்லை. பெண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் கிடையாது. அம்மானை, ஊசல் ஆகியவற்றோடு நீராடற் பருவம் வரும். வைகையில் நீராட மீனாட்சியை அத்தனை ஆசையோடு அழைத்தார் குமரகுருபரர். வகுப்பில் பலமுறை நடத்திய பகுதி. பெண்ணைத் தண்ணீருக்குள் வா என்று அழைக்கும் அந்த மரபு, சிறு பருவத்தைத் தாண்டி அவளோடு வருவதில்லை என்பது குளக்கரையில் துண்டோடு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவர். மகன் இறைத்திருந்த பொம்மைகளைப் பொறுக்கியபடியே, தன் பையனுக்கும் நாலு வயசு என்றார். எங்கே விட்டுவிட்டு வருகிறீர்கள் என்று கேட்டேன். “மாமியார்கிட்டதான்க்கா. அவங்க மீன் விக்கப் போயிட்டா பக்கத்து வீட்ல.” 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் சொல்லியிருந்தது. பேராசிரியைப் புத்தி, அதை அவரிடம் சொன்னேன். “நாங்கல்லாம் கான்ட்ராக்ட்டுக்கா” என்று சிரித்தபடி போர்வையை உதறினார். கீழே விளையாட்டு அறையில் வண்ணப் பந்துகள் நிரப்பிய தொட்டி அந்த நேரத்தில் ஆளில்லாமல் கிடந்தது. குடும்பத்துக்கு உகந்த விடுதி என்பதில் அவர் குடும்பம் சேராது. எழுதியவர்கள் அவரைக் கேட்பவராகக்கூட நினைத்திருக்க மாட்டார்கள்.

கடைசி நாள் வெயில் தாழ்ந்ததும் அக்காவும் நானும் முறைபோட்டுக்கொண்டோம். ஒருத்தி பிள்ளைகளோடு, ஒருத்தி கடலில். இழுப்பு அதிகம், முழங்காலுக்கு மேல் போகாதீர்கள் என்று விசில் வைத்திருந்த காவலர் சொன்னார். கடலுக்கு உடைவிதி இல்லை. மெரினாவில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குக் கால் கொடுத்து நிற்கும் பெண்கள் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை, கட்டணமும் கட்டுவதில்லை. நான் சுடிதாரோடு அலை விளிம்பில் உட்கார்ந்தேன். இரண்டாவது அலையில் துப்பட்டா போய்விட்டது. மகள் கரையில் நின்று அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள்.

ஈரத்துணியைப் பால்கனியில் போட்டேன். அங்கே துணி காயப்போடக் கூடாது என்பதும் ஒரு விதி. பத்து நிமிடத்தில் கீழேயிருந்து தொலைபேசி. ரசீதில் இருந்த மிஸ்டரைக் கேட்டார்கள். நான்தான் பேசுகிறேன் என்றேன். சற்றுத் தயங்கிவிட்டு, துணியை எடுத்துவிடச் சொன்னார்கள். காய்ந்ததும் எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.