அட்லாண்டிக் தாண்டும் பிசினஸ் கிளாஸ்: ஓர் அளவுகோலின் நிறைகுறை

அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களின் பிசினஸ் கிளாஸை ஒப்பிட்டுப் பார்த்து டிக்கெட் எடுக்கும் வழக்கம், நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே தொழில் நிமித்தம் பறப்பவர்களிடம் வளர்ந்தது. ஏழெட்டு மணி நேரப் பயணம், தனி ஆள், கம்பெனிப் பணம், இறங்கியதும் ஒரு மீட்டிங் என்பதுதான் அவர்கள் நிலை. ஒப்பீட்டின் அளவுகோல்களும் அதற்கேற்பவே அமைந்தன. இன்று திருத்தணி வட்டத்துக் கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களிலிருந்து நியூஜெர்சிக்கும் பாஸ்டனுக்கும் போகும் பெற்றோருக்கு டிக்கெட் எடுக்கும் பிள்ளைகளும் அதே அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறார்கள். தேர்ந்தெடுப்பவர் ஒருவர், பறப்பவர் வேறொருவர். ஒப்பீடு எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதை இந்த இடைவெளியை மறக்காமல்தான் எடைபோட வேண்டும்.

1978இல் பான் ஆம் நிறுவனம் ‘கிளிப்பர் கிளாஸ்’ தொடங்கியபோது, எகானமிக்கு முழுக் கட்டணம் கட்டியவர்களைச் சலுகைக் கட்டணக் கூட்டத்திலிருந்து பிரித்து உட்காரவைப்பதுதான் நோக்கமாக இருந்தது. சீட் முழுக் கட்டிலாக மாறியது 2000இல், பிரிட்டிஷ் ஏர்வேஸின் ‘கிளப் வேர்ல்ட்’ வகுப்பில். 2017இல் கத்தார் ஏர்வேஸ் ‘கியூசூட்’ என்ற பெயரில் சீட்டைச் சுற்றிச் சுவரும் கதவும் வைத்தது. அதே ஆண்டு டெல்டாவும் கதவு வைத்தது. 2019இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கதவுள்ள ‘கிளப் சூட்’டுக்கு மாறத் தொடங்கியது. ஆனால் புதிய சீட்டை அறிவிப்பதற்கும் எல்லா விமானங்களிலும் அதைப் பொருத்தி முடிப்பதற்கும் இடையே ஆண்டுகள் பல ஓடிவிடும். லுஃப்தான்சாவின் ‘அலெக்ரிஸ்’ 2024 மே மாதம் மியூனிக்கிலிருந்து கிளம்பும் ஏ350 விமானத்தில் முதலில் பறந்தபோது, அந்நிறுவனத்தின் மற்ற விமானங்களில் பழைய சீட்டுகளே இருந்தன. ஏர் இந்தியாவிலும் ஏ350 விமானத்தில் கதவுள்ள தனித்தனி இடங்கள். பழைய 777 விமானத்திலோ வரிசைக்கு 2-3-2 என ஏழு சீட்டுகள். டிக்கெட்டில் போட்டிருக்கும் வகுப்பின் பெயர் ஒன்றுதான், கிடைக்கும் இடம் வேறு. விமானம் எந்த ரகம் என்று விசாரித்து, சீட் வரைபடத்தையும் பார்த்து எடுப்பவருக்கு இதில் மெய்யான ஆதாயம் உண்டு. ஒப்பிடும் வழக்கத்தின் பெரிய பலம் இதுவே.

இன்னொரு பலமும் உண்டு. விளம்பரப் படத்தில் தெரியாததை ஒப்பீடு காட்டிக்கொடுக்கும். கிளப் வேர்ல்டின் பழைய அமைப்பில் ஒருவர் முன்னோக்கியும் பக்கத்தில் இருப்பவர் பின்னோக்கியும் படுப்பார்கள். காலை நீட்டுவதற்கு மடக்குப் பலகை ஒன்று கீழே இறங்கும். இரவில் ஜன்னலோரத்தில் படுத்தவர் கழிவறைக்குப் போக வேண்டுமென்றால், அடுத்தவர் அந்தப் பலகையில் நீட்டியிருக்கும் காலைத் தாண்டியாக வேண்டும். முப்பது வயதுக்காரர் ஒரு எட்டில் தாண்டிவிடுவார். மூட்டு வலியோடு, சேலை கட்டி, அரை இருட்டில் எழுந்திருக்கும் அறுபத்தைந்து வயதுப் பெண்மணி விடியும்வரை அடக்கிக்கொண்டுதான் கிடப்பார். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது பணத்தைவிடப் பெரிய விஷயம்.

அளவுகோல் தவறத் தொடங்குவதும் சீட்டில்தான். தனிமை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு மதிப்பெண் என்பது ஒப்பீட்டாளர்களின் எழுதாத விதி. அதன்படி 1-2-1 அமைப்பும் கதவும் உச்சத்தில். இரண்டிரண்டாக உட்காரும் 2-2-2 அமைப்பு காலாவதியானது. வாழ்நாளில் முதல்முறை கடல் தாண்டும் தம்பதிக்கு இந்த வரிசை அப்படியே தலைகீழாகும். சர்க்கரை மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக்கொடுக்கவும், பணிப்பெண் ஆங்கிலத்தில் கேட்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும், கை எட்டும் தூரத்தில் துணை வேண்டும். கதவைச் சாத்திய தனி அறையில் எந்தப் பொத்தானை அழுத்தினால் சீட் நிமிரும் என்று தெரியாமல் தவிப்பதைவிட, பழைய இரட்டைச் சீட்டே அவர்களுக்கு உகந்தது. புதிய அமைப்புத்தான் என்றால் நடுவிலுள்ள ஜோடி இடங்களை முன்பதிவின்போதே குறித்துவிட வேண்டும். கியூசூட்டின் நடு இடங்களில் இடைத்தடுப்பை இறக்கிச் சேர்ந்தாற்போல் படுக்கவும் வழியுண்டு.

இவற்றைவிடப் பெரிய குறை, ஒப்பீடு அட்லாண்டிக்கோடு நின்றுவிடுவது. நியூயார்க்வாசிக்கு அட்லாண்டிக்தான் முழுப் பயணம். கண்டிகைக்காரருக்கு அது பின்பாதி. வீட்டிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஃபிராங்ஃபர்ட் விமானம் நள்ளிரவு தாண்டியும், லண்டன் விமானம் விடியும் வேளையிலும் கிளம்பும் வழக்கம். மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும் என்றால் இரவுச் சாப்பாட்டை முடித்ததும் வண்டி ஏறுவதே வழி; அன்றைய தூக்கம் போயிற்று. அடுத்த பத்து, பத்தரை மணி நேரம் சென்னையிலிருந்து ஐரோப்பா வரை. உடம்பு கட்டிலைக் கேட்பது அப்போதுதான். ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் போகும் எட்டு மணி நேரமோ பகல் பயணம். ஊர்க் கணக்கில் அது இரவு என்பதால் கண் சொருகும். ஆனாலும் அதில் அடித்துப்போட்டாற்போல் தூங்கியவர், மாலையில் இறங்கி அன்றிரவு முழுக்க விழித்துக் கிடப்பார். ஆகவே ஒரு பாதிக்கு மட்டும் பிசினஸ் எடுக்க முடியுமென்றால், போகும்போது அது சென்னை–ஐரோப்பாப் பாதியாக இருப்பதே பொருத்தம். இரண்டு பாதிக்கு இரண்டு வகுப்பு கலந்த டிக்கெட் உண்டு என்பதே பலருக்குத் தெரிவதில்லை. டிராவல் ஏஜென்டிடம் கேட்டால் போட்டுத்தருவார்.

வளைகுடா வழியில் கணக்கு மாறுகிறது. சென்னையிலிருந்து துபாயோ தோகாவோ நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் பதினான்கு மணி நேரம் ஒரே மூச்சில். தூக்கம் முழுவதும் இரண்டாம் பாதியில் விழுகிறது. பணத்தையும் அங்கே மட்டும் போட்டால் போதும். நான்கு மணி நேரத்தை எகானமியில் உட்கார்ந்தே கழித்துவிடலாம். சீட்டின் அழகுக்கு மதிப்பெண் போடும் பட்டியல்களில் இந்தச் சிக்கனத்துக்கு இடமில்லை.

அபுதாபிக்கு வேறொரு சிறப்பு உண்டு. 2014 முதல் அமெரிக்கக் குடிவரவுச் சோதனை அந்த விமான நிலையத்திலேயே நடக்கிறது. எதிஹாட் விமானத்தில் அமெரிக்கா போகிறவர் அங்கேயே அதிகாரியின் கேள்விக்குப் பதில் சொல்லி முடித்துவிட்டு, நியூயார்க்கில் உள்நாட்டுப் பயணியைப் போல வெளியே வரலாம். இருபது மணி நேரம் அலைந்து வந்த பிறகு, ஆங்கிலம் தடுமாறும் ஒருவர் நீண்ட வரிசையில் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். ஷாம்பெயின் எந்த ரகம் என்று எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

தேர்வு செய்ய எத்தனை நிறுவனங்கள் என்ற எண்ணிக்கையும் பாதி மாயைதான். பிரிட்டிஷ் ஏர்வேஸும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் 2010 முதல் அட்லாண்டிக் வருமானத்தைக் கூட்டாகவே பங்கிட்டுக்கொள்கின்றன. லுஃப்தான்சா, யுனைடெட், ஏர் கனடா ஒரு கூட்டு; டெல்டா, ஏர் ஃபிரான்ஸ்–கேஎல்எம், வர்ஜின் அட்லாண்டிக் இன்னொரு கூட்டு. திரையில் எட்டு வரி தெரிந்தாலும் விலையை முடிவு செய்யும் கைகள் மூன்றே. ஒரு நிறுவனத்தின் பெயரில் வாங்கிய டிக்கெட்டுக்குக் கூட்டாளியின் விமானம் வந்து நிற்பதும் உண்டு. எனவே ‘இயக்குபவர்’ யார் என்று சிறிய எழுத்தில் இருப்பதைப் படிக்காத ஒப்பீடு வீண்.

இந்தக் கூட்டுகளுக்கு வெளியே நின்று, பிசினஸ் சீட்டுகளை மட்டுமே வைத்து நியூயார்க்–லண்டன் பறக்க முயன்ற மேக்ஸ்ஜெட் 2007 டிசம்பரிலும், இயோஸ் 2008 ஏப்ரலிலும், சில்வர்ஜெட் 2008 மே மாதத்திலும் மூடப்பட்டன. எரிபொருள் விலையேற்றம் ஒரு காரணம். ஒரு விமானம் ரத்தானால் அடுத்ததில் ஏற்றிவிட அவற்றிடம் போதிய விமானங்கள் இல்லை என்பது மற்றொன்று. சீட் நன்றாக இருந்தும் பயன்படவில்லை. பெற்றோரின் கனெக்டிங் ஃப்ளைட் தவறினால் அதே நாளில் அடுத்த விமானம் உண்டா என்பது கட்டிலின் நீளத்தைவிட முக்கியமான கேள்வி. லண்டன்–நியூயார்க் தடத்தில் நாளுக்குப் பல விமானங்கள் உண்டு. சிறிய அமெரிக்க நகரங்களுக்கு ஒன்றுதான் இருக்கும்.

தவறான காரணத்துக்காக பிசினஸ் எடுப்பவர்களும் நிறைய. வீல்சேர் உதவி கிடைக்கும் என்று எடுக்கிறார்கள். அது எல்லா வகுப்புக்கும் இலவசம், முன்கூட்டிச் சொன்னால் போதும். சாப்பாட்டுக்காக என்றால் எந்த வகுப்பிலும் ஓர் எச்சரிக்கை தேவை. ‘இந்து உணவு’ என்று குறித்தவர் தட்டில் கோழியோ ஆட்டுக்கறியோ வரலாம். மாட்டிறைச்சி இருக்காது என்பதற்குத்தான் அந்தப் பெயர் உத்தரவாதம், சைவம் என்பதற்கு அல்ல. கிருத்திகை விரதம் தவறாத முருக பக்தர்கள் ‘ஆசிய சைவ உணவு’ என்று ஒரு நாள் முன்னதாகவாவது பதிய வேண்டும். லக்கேஜ் விஷயத்தில் மட்டும் ஆதாயம் நிச்சயம். பெரும்பாலான நிறுவனங்களில் அமெரிக்கப் பயணத்துக்கு எகானமியில் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி, பிசினஸில் 32 கிலோ வீதம் இரண்டு. ஆளுக்கு 18 கிலோ கூடுதல் என்றால் முறுக்கும் வடகமும் பருப்புப்பொடியும் தாராளமாக அடங்கும்.

விலையில் வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் எகானமி தவிர்த்த வகுப்புகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. எகானமிக்கு 5 சதவீதமே. மூன்று லட்ச ரூபாய் அடிப்படைக் கட்டணத்துக்கு வரி மட்டும் 54,000. போகிற வழியில் லண்டனையும் பார்த்துவிடலாம் என்று ஒரு நாளுக்கு மேல் தங்கினால், அங்கிருந்து கிளம்பும்போது பிரிட்டன் அரசின் பயணி வரியும் சேரும். 2025 ஏப்ரலில் அமலான விகிதப்படி நியூயார்க் தூரத்துக்கு அது எகானமியில் 90 பவுண்டாகவும், மேல் வகுப்பில் 216 பவுண்டாகவும் இருந்தது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் விமானம் மாறிவிட்டால் அந்த வரி கிடையாது.

எவ்வளவு ஆராய்ந்து எடுத்தாலும் கடைசி நேரத்தில் விமானம் மாறலாம்; குறிப்பிட்ட சீட் ரகத்துக்கு எந்த நிறுவனமும் உறுதி தருவதில்லை. வகுப்பையே இறக்கிவிட்டால் மட்டும் சட்டம் துணைக்கு வரும். இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) 2023 பிப்ரவரி முதல் நடைமுறைப்படுத்திய விதிப்படி, 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சர்வதேசப் பயணத்தில் அப்படி இறக்கப்பட்டவருக்கு டிக்கெட் தொகையில் வரியும் சேர்த்து 75 சதவீதம் திரும்பக் கிடைக்க வேண்டும். போர்டிங் பாஸைப் பத்திரமாக வைத்திருந்தால் அதைக் கேட்டு வாங்குவது எளிது.

திரும்பும் வழியில் ஒப்பீட்டாளர்களின் அளவுகோல் இன்னும் விலகிப்போகிறது. நியூயார்க்–லண்டன் இரவு விமானம் ஏழு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். இரவுச் சாப்பாட்டுக்கும் காலைச் சிற்றுண்டிக்கும் போக, விளக்கணைந்திருப்பது நான்கு மணி நேரம்தான். அந்த நான்கு மணித் தூக்கத்துக்கு எகானமியைப்போல் மூன்று நான்கு மடங்கு கொடுப்பது கம்பெனிப் பணத்தில் பறப்பவருக்குக் கட்டுப்படியாகலாம். பிள்ளையின் சம்பளத்தில் பறக்கும் பெற்றோருக்கு அட்லாண்டிக்கில் எகானமியே போதும். பணத்தை லண்டனிலிருந்து சென்னை வரும் பத்து மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.