‘அரசியல்’ என்னும் சொல்லும் ஆசிய மாணவர் மனப்பாங்கு ஒப்பீடும்: மதுரையை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆசியச் சமூகங்களின் அரசியல் மனப்பாங்கை ஒப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் வினாநிரலைச் சார்ந்தே அமைகின்றன. ‘அரசியலில் உமக்கு எவ்வளவு ஆர்வம்?’ என்னும் வினா அவற்றுள் நிலைபெற்ற ஒன்று. ஆசிய பாரோமீட்டர், உலக விழுமிய ஆய்வு ஆகியவற்றிலும் இது இடம்பெறுகிறது. மாணவர் மனப்பாங்கை இவ்வினாவால் அளக்க முற்படும்போது, ‘அரசியல்’ எல்லா மொழியிலும் ஒரே பொருள் தரும் என்னும் எடுகோள் ஆராயப்படாமலே ஏற்கப்படுகிறது. மதுரை மாணவரின் வரலாறு இவ்வெடுகோளை ஐயுறச் செய்கிறது.

1965 சனவரி 25 அன்று மதுரையில் மாணவரின் இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தின்போது காங்கிரசு அலுவலகத்தருகே மூண்ட மோதல் கலவரமாகி மாநிலமெங்கும் பரவியது. அவ்வெழுச்சி வாக்குப்பெட்டியையும் எட்டியது. 1967 தேர்தலில், மாணவர் தலைவர்களுள் ஒருவரான பெ. சீனிவாசன், மதுரைக்குத் தெற்கிலுள்ள விருதுநகர்த் தொகுதியில் தி.மு.க. வேட்பாளராக நின்று காமராசரை 1285 வாக்கு வேறுபாட்டில் வென்றார். இங்கு மாணவர் செயல்பாடும் கட்சி அரசியலும் ஒன்றோடொன்று இணைந்தன.

2017 சனவரியில் அலங்காநல்லூரிலும் மதுரைத் தமுக்கம் திடலிலும் ஏறுதழுவல் தடைக்கெதிராகத் திரண்ட இளைஞரோ கட்சித் தலைவர்களை விலக்கி நிறுத்தினர். ஆயினும் அவர்தம் கோரிக்கை சட்டத்திருத்தமே. சனவரி 23 அன்று சட்டப்பேரவை அதனை நிறைவேற்றியது. ‘இது அரசியல் அன்று’ என்போர் சட்டமியற்றும் அவையையே அசைத்தனர். தமிழில் ‘அரசியல்’ என்பது பேச்சு வழக்கில் கட்சி அரசியலையே முதன்மையாகச் சுட்டுவதால், அத்தகையோர் வினாநிரலில் ‘ஆர்வமில்லை’ எனக் குறிக்கவும் கூடும். அவ்விடையைச் செயலின்மையாகக் கொள்வது பிழையாகும்.

பிற நாட்டு நிகழ்வுகளும் இதனை வலியுறுத்துகின்றன. தென்கொரியாவில் 1960 மார்ச் தேர்தல் முறைகேட்டால் வாக்குரிமை பொருளிழந்தபோது, மாணவர் கிளர்ச்சி ஏப்ரலில் சிங்மன் ரீயைப் பதவி விலகச் செய்தது. தைவானில் 2014இல் மாணவர் நாடாளுமன்றத்தைக் கைப்பற்றியமர்ந்தனர். அவ்வெழுச்சியின் சூழலில் 2015இல் புதுக் கட்சியொன்று தோன்றியது. வாக்குரிமை பயன்படுமா, அமைந்துள்ள கட்சிகள் கோரிக்கையை ஏற்குமா என்பனவே மாணவர் தேரும் வழியைப் பெரிதும் வரையறுக்கின்றன. தனிமனித மனப்பாங்கை மட்டும் அளக்கும் அட்டவணையில் இவ்வேறுபாடு புலப்படுவதில்லை.

ஆகவே, இத்தகைய ஒப்பாய்வு கட்சி ஈடுபாட்டையும் பொதுநலச் செயல்பாட்டையும் தனித்தனி வினாக்களால் அறிதல் வேண்டும். ‘அரசியல்’ என்பதற்கு மாணவர் தரும் பொருளை நேர்காணல்வழி முன்னரே தெளிதல் வேண்டும். அல்லாவிடில் அளக்கப்படுவது மனப்பாங்கு அன்று; ஒரு சொல்லின் மீதான வெறுப்பே.